உறைக்குள் இருந்த கிளை

உறையைத் திறக்க அதிகாரிக்குக் கத்தி தேவைப்படவில்லை. செடி ஒட்டிய தாளின் மூலையில் இருந்த அந்தச் சின்னக் காகித உறையின் மடிப்பை இடுக்கியால் நிமிர்த்தினார். கவிழ்த்தார். விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த கிளை வெள்ளைத் தட்டில் விழுந்தது.

எதிரே நின்றிருந்த கோந்து அக்கா தட்டையே பார்த்தாள்.

கோந்து அக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். உலர்தாவரக் காப்பகத்தில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, தண்டை நூலால் தைத்து, கீழே பெயர்ச்சீட்டு வைத்து அலமாரிக்கு அனுப்புவது. அவள் ஒட்டிய தாளைப் பார்த்து இது இன்ன செடி என்று கையெழுத்துப் போடுவது லென்ஸ் சாரின் வேலை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடியால் அவருக்கு அந்தப் பெயர்.

"இலை ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கு. முள்ளு மூணு கவடு," என்றார் வேளாண்மைத் துறையிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த பெண் அதிகாரி. "ஆனா தாள்ல இருக்கிற கிளையில இலை ஓரம் மழமழன்னு இருக்கு. முள்ளு ஒத்தை முள்ளு. ஒரே செடியில எப்படி சார் ரெண்டு விதம்?"

"கலப்பு," என்றார் லென்ஸ் சார். குரலில் சுரத்தே இல்லை.

விஷயம் இதுதான். வேலிக்கும் அழகுக்கும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்த செடி பார்பெரி. ஒயின் நிற இலை, மஞ்சள் பூ, சிவப்புப் பழம். அதில் வழவழப்பான இலையும் ஒற்றை முள்ளும் உள்ள ஜாதி சாது. பல் வைத்த இலையும் மூன்று கவட்டு முள்ளும் உள்ள ஜாதி, கோதுமையைத் தின்னும் துரு நோய்க்கு மாமியார் வீடு. வசந்தத்தில் அதன் இலைக்கு அடியில் ஆரஞ்சுக் கிண்ணங்கள் முளைக்கும். அங்கிருந்து காற்றேறிப் பொடி வயலுக்குப் போகும். இரண்டும் கலந்து பிறந்த பிள்ளையோ முகத்துக்குச் சாது அம்மா, குணத்துக்குத் துரு அப்பா; ஏதாவது ஒரு கிளையில்தான் அப்பாவின் பல் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாற்றுப்பண்ணை, புது ரகம் விற்க அனுமதி கேட்டு ஒரு கிளையை அனுப்பியது. அக்கா ஒட்டினாள். சார் பார்த்தார். சாது ஜாதி, துரு பிடிக்காது என்று சான்றிதழ் கொடுத்தார். பள்ளிக்கூடம், பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி வாசல் என்று ஊரெல்லாம் வேலி எழுந்தது. இந்த வருஷம் கோதுமை செத்தது.

"ஒட்டினவங்க விதிப்படிதான் செஞ்சிருக்காங்க," அதிகாரி குறிப்பெழுதிக்கொண்டே சொன்னார். "தாள்ல அடங்காததை வெட்டி உறையில போட்டிருக்காங்க. பார்க்க வேண்டியவர் பார்க்கல. அப்படித்தானே சார்?"

சார் வாதாடுவார் என்றுதான் அக்கா நம்பியிருந்தாள். முப்பது வருஷ சர்வீஸ், மூன்று புத்தகம், எதிராளியின் வாயை அடைக்கும் நாக்கு. அவரை யார் அசைக்க முடியும்?

சார் தலையைக் குனிந்தார்.

"அப்படித்தான்," என்றார். "தப்பு என்னுது."

அக்கா சாரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். ஏனென்றால் அந்த உறைக்கு வயது நாலு வருஷம் இல்லை. மூன்றே நாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது வேறு. அன்று வெள்ளிக்கிழமை, நாற்பது தாள் பாக்கி. பார்பெரிக் கிளையின் அடியிலிருந்து ஒரு பக்கக்கிளை கோணலாக நீட்டிக்கொண்டு தாளுக்குள் அடங்க மறுத்தது. மடக்கப் பார்த்தாள். முள் கட்டைவிரலில் ஏறி, ரத்தம் தாளில் சொட்டப் பார்த்தது. 'சனியனே' என்று கத்தரியால் ஒரே வெட்டு. வெட்டியதை உறையில் போட வேண்டும். உறை தீர்ந்திருந்தது. ஒன்று மடிக்க அரை நிமிஷம் ஆகும். குப்பைக் கூடை காலடியில் இருந்தது.

கூடையில் விழும்போது இலை ஓரம் சீப்பு மாதிரி இருந்ததைக் கண் பார்த்தது. பார்த்துவிட்டு, வேறு ஏதோ களை சிக்கியிருக்கும் என்று கை அடுத்த செடியை எடுத்தது. மறுநாள் சார், "படம் மாதிரி ஒட்டியிருக்கேம்மா!" என்று பாராட்டினார்.

விசாரணைக் கடிதம் வந்த அன்றே டிப்போ வேலியில் ஒரு கிளை ஒடித்தாள். பல் இலை, மூன்று முள், எல்லாம் பொறுக்கி எடுத்தது. வீட்டில் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காயவைத்தாள். பழைய காகிதத்தில் உறை மடித்து, தேநீர்ச் சாயம் தடவிப் பழுப்பாக்கி ஒட்டினாள். தாள்களைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்பெரி அலமாரி வரை இன்னும் வந்திருக்கவில்லை. பழைய படம் என்று ஒன்று கிடையாது. யாருக்கும் தெரியாது. தான் தப்பித்தால் போதும், சார் பெரிய மனுஷர், பார்த்துக்கொள்வார் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலை அண்ணன் போன் செய்தான். அவனுக்கு இருப்பதே அந்தக் கோதுமை வயல்தான்.

"என்ன தங்கச்சி, டீ குடிச்சியா?"

"குடிச்சேண்ணே. வயல் எப்படி இருக்கு?"

"வயலா? செங்கல் சூளை வச்சிருக்கேன்னு வச்சுக்கோ. உள்ளே போனா கால்சட்டையெல்லாம் சிவப்பு. உங்க அண்ணி துவைக்க மாட்டேன்னுட்டா." சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது. "தண்டைத் தொட்டா மடங்கி விழுது. நாளைக்குக் கொளுத்தச் சொல்லிட்டாங்க."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு மகராசன் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டானாமே? அவன் கை விளங்குமா? நீயாவது அவனை நாலு கேளு. எனக்காகக் கேளு."

"கேக்கறேண்ணே," என்றாள். போனை வைத்த பிறகும் அந்த ஒரு சொல் வாயை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை அவள் போனபோது சார் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு எட்டு மாசம். அதற்குள் பணிநீக்கம் வரும், கொடுத்த சான்றிதழெல்லாம் செல்லாமல் போகும் என்று டைப்பிஸ்ட் வாசலிலேயே சொல்லிவிட்டாள். பத்து மணிக்கு அதிகாரி கையெழுத்து வாங்க வருகிறாராம்.

"ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? உனக்கு ஒண்ணும் வராது. உன் பக்கம் சுத்தம்."

"சார்... நீங்க ஏன் சார் எதிர்த்துப் பேசல? உறையே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"இருந்ததை இல்லைன்னு எப்படிச் சொல்றது?" சார் புத்தகத்தை அட்டைப்பெட்டியில் வைத்தார். "ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேம்மா. அந்த உறையை நான் பார்த்திருக்கேன். நல்லா ஞாபகம் இருக்கு. மூலையில பழுப்பா இருந்தது. திறக்கலாம்னு கையைக் கூடக் கொண்டு போனேன். சாப்பாட்டு நேரம், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லத் தெரிந்தவர் இல்லை. இல்லாத உறையை இந்த வாரம் ஒட்டினாளே, அது தாளோடு நிற்கவில்லை. அந்த மனுஷனின் மண்டைக்குள்ளும் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி சாகும்வரை அந்தச் சாப்பாட்டு நேரத்தை நினைத்து அவர் தன்னைத்தானே அறைந்துகொள்வார்.

பத்து மணிக்கு அதிகாரி வந்து பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மேடம், அந்த உறை பொய்," என்றாள் அக்கா. "நான் வச்சது. போன திங்கட்கிழமை."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கத்தரி, குப்பைக் கூடை, டிப்போ வேலி, இஸ்திரிப் பெட்டி, தேநீர். முடித்துவிட்டு நிமிர்ந்தால், அதிகாரி அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் மேல இவ்வளவு மரியாதையா? உங்க மனசு புரியுதும்மா. ஆனா இப்படியெல்லாம் காப்பாத்த முடியாது."

"ஐயோ, காப்பாத்தல மேடம்! நிஜம்!"

"சும்மா இரும்மா," சார் அதட்டினார். கண் கலங்கியிருந்தது. "எனக்காகப் பழியை ஏத்துக்காதே. உறையை நானே பார்த்தேன்னு சொல்றேனே!"

செய்த தப்பை ஒப்புக்கொள்வதில் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. நல்லவள் என்று பட்டம் கட்டுகிறார்கள். அப்படியே போய் உட்கார்ந்தால் வேலையும் மிஞ்சும், பேரும் மிஞ்சும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கால் நாற்காலிப் பக்கம் நகர்ந்தது.

பிறகு அவள் இடுக்கியை எடுத்தாள்.

"சார், லென்ஸைக் குடுங்க. இல்ல, நீங்களே பாருங்க. தாள்ல இருக்கிற தண்டோட அடியில நான் வெட்டின இடம் தெரியுதா? எவ்வளவு கனம்?"

சார் வேண்டா வெறுப்பாகக் குனிந்தார். "தீக்குச்சி கனம். சாய்வா வெட்டியிருக்கு."

"உறைக்கிளையோட அடி?"

கண்ணாடி நகர்ந்தது. நின்றது. நின்றே இருந்தது.

"பென்சில் கனம்," என்றார் சார் மெல்ல. "வெட்டே இல்ல. ஒடிச்சிருக்கு. பட்டை கிழிஞ்சு தொங்குது."

"அந்த வெட்டுல இது எப்படி சார் பொருந்தும்?"

அதிகாரி லென்ஸை வாங்கிப் பார்த்தார். கிளையைக் கவிழ்த்து ஓர் இலையின் அடிப்பக்கத்தையும் பார்த்தார். அங்கே கடுகிலும் சின்னதாக, வட்டமாக, மங்கிய ஆரஞ்சில் நாலைந்து கிண்ணங்கள். எழுதிய காகிதத்தைக் குறுக்கே கிழித்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னால இங்க துருவே கிடையாது. இது இந்த வருஷத்துக் கிளை," என்றார். குரலில் இப்போது அனுதாபம் இல்லை. "நீங்க இனிமே எந்தத் தாளையும் தொடக் கூடாது."

"சரிங்க மேடம்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். தப்பித்தவர் முகம் இல்லை அது. "அப்போ நான் பார்த்த உறை? கையைக் கொண்டு போனேனே, அது?"

"அது நடக்கவே இல்ல சார்."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறையின் நாலு பக்கமும் கூரை வரை நின்ற இரும்பு அலமாரிகளைப் பார்த்தார். பதினெட்டு வருஷத் தாள்கள். அத்தனையிலும் அவர் கையெழுத்து.

"வேற எதையெல்லாம் வெட்டிப் போட்டே?"

வேற ஒண்ணுமில்ல சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள். எத்தனை வெள்ளிக்கிழமைகள். எத்தனை கோணல் கிளைகள். உறை தீர்ந்துபோன நாள் அது ஒன்றுதானா?

சார் எழுந்துபோய் முதல் அலமாரியைத் திறந்தார். மேலே இருந்த தாளை மேஜையில் விரித்தார். ஓர் அழகான கொடி, படம் மாதிரி ஒட்டியது.

"இது முழுசா?"

அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அண்ணனிடம் வேறு இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

"தெரியல சார்."

சார் அடுத்த தாளை எடுத்தார். "இது?"