குளத்தடியில் ஒரு பேசோ

எவாரிஸ்தோவை ஞானஸ்நானத்துக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் மிரேயாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லாத சாக்கு இல்லை. ஆறு என்றால் குளிராம். கடல் என்றால் அலையாம். சபையிலிருக்கும் தொட்டி அவன் தொப்பைக்குப் பத்தாதாம். கடைசியில் ஒருநாள் மாம்பழம் தின்றுகொண்டிருந்தபோது, என்ன நல்ல மனசு வந்ததோ, "நம்ம குளத்துல வேணா முங்குறேன்" என்று சொல்லிவிட்டான். மிரேயா பிசுபிசுத்த கையைக்கூடக் கழுவவில்லை. நேரே பாஸ்டர் ஒபேத் வீட்டுக்கு ஓடி, வரும் ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டு வந்தாள். ஆறப்போட்டால் மனுஷன் மாறிவிடுவான்.

குளம் என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளம். பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். அது உப்புத்தண்ணீர்க் குளம். தண்ணீரிலுள்ள உப்பிலிருந்து ஒரு பெட்டி குளோரின் தயாரித்துக்கொண்டே இருக்கும், மோட்டார் ஓடுகிறவரைக்கும். பானி ஊர் வெயிலில் மோட்டார் இரண்டு நாள் நின்றால் போதும், குளம் கீரைக் கடைசல் ஆகிவிடும். கரண்ட்டோ இந்த ஊரில் விருந்தாளி மாதிரி, எப்போது வரும், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் குளத்தை எவாரிஸ்தோ கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். காலையில் எழுந்ததும் வலையைப் போட்டு இலை அள்ளுவான். ஒரு சொட்டு நாக்கில் வைத்து உப்பு பார்ப்பான். பிறகு ஒரு பேசோ காசைத் தண்ணீரில் போடுவான். அடியில் காசு தெரிந்தால்தான் ஆள் இறங்கலாம். தெரியாவிட்டால் மேயர் வீட்டுப் பிள்ளைக்கும் அனுமதி இல்லை. ஒருமுறை கேக்கோடு வந்த கூட்டத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறான், மகராசன்.

வியாழக்கிழமை அடித்த மழையில் குளம் நிரம்பி வழிந்து, உப்பெல்லாம் தெருவோடு போயிற்று. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கடையில் குளத்து உப்பு தீர்ந்துபோயிருந்தது. அப்போது பார்த்து எவாரிஸ்தோவின் அண்ணன் செஞ்சோ வந்து சேர்ந்தான். அவர்கள் குடும்பமே உப்பளத்துக் குடும்பம்.

"நம்ம அப்பா உப்பு வித்து நம்மளை வளர்த்தாரு. நீ கடையில போய் உப்பு வாங்குவியா? தூ! வெட்கமா இல்ல?" என்று கத்திவிட்டு, வண்டியிலிருந்து நான்கு மூட்டை உப்பளத்து உப்பை இறக்கினான்.

மண்ணும் இரும்பும் கலந்த அந்த உப்பைக் குளத்தில் போடக்கூடாது என்று எவாரிஸ்தோவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அண்ணன் முன்னால் அப்பாவின் உப்பை மட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொட்டிவிட்டான். மறுநாள் பெட்டி வேலை செய்ய ஆரம்பித்ததும் குளம் கடுங்காப்பி நிறத்துக்கு மாறிப்போயிற்று.

மிரேயா வயிற்றில் அடித்துக்கொண்டாள். "யோவ் கிழவா, வேணும்னேதான பண்ணின?"

"அடி கிழவி, என் குளத்தை நானே கெடுப்பேனா?"

"முங்காம தப்பிக்க நீ கடலையே கெடுப்ப!"

அவன் முகம் சுண்டிப்போய் ஃபில்டரைக் கழற்றினான். அதைக் கழுவி மாட்டி மோட்டாரைப் போட்டபோது கரண்ட் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரு முழுக்க "வந்துருச்சு!" என்று கூச்சல் கேட்டது. அதற்குப் பிறகு ஃபில்டரைக் கழுவுவதும் ஓட்டுவதுமாக இடுப்பொடிய வேலை செய்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன்மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஞாயிறு விடிந்ததும் அவள் ஓசைப்படாமல் குளத்தடிக்குப் போனாள். காப்பி டீயாகியிருந்தது, அவ்வளவுதான். ஆழமில்லாத பக்கமாகப் பார்த்து ஒரு காசைப் போட்டாள். குனிந்தாள், மண்டியிட்டாள், கண்ணைச் சுருக்கினாள். ஊஹூம். போச்சு, அவன் சட்டமே அவனைக் காப்பாற்றிவிடும்.

சபையார் பாடிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். வெள்ளைச் சட்டையில் வந்த எவாரிஸ்தோ கரையிலேயே நின்றுவிட்டான்.

"மிரேயா, காசு போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"தெரிஞ்சுதா?"

காப்பித்தூள் இருக்கும்போது இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லத் தெரியாதவள் மிரேயா. அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். காது மடல் கொதித்தது.

"பளிச்சுன்னு தெரிஞ்சுது" என்றாள்.

எவாரிஸ்தோ அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். பாஸ்டர் ஜெபம் சொல்லி அவனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். தூக்கப் பார்த்தால் ஆள் வரவில்லை. "சகோதரரே! சகோதரரே!" என்று பாஸ்டர் பதறினார். எவாரிஸ்தோ அடியில் எதையோ துழாவிவிட்டு, மூச்சு வாங்க எழுந்து நின்றான். சபை கை தட்டியது.

சொட்டச் சொட்டக் கரையேறி வந்தவன் மிரேயாவின் உள்ளங்கையில் காசை வைத்தான்.

"இந்தா, உன் பளிச்சுக் காசு. நீ மண்டி போட்டுத் தேடினத ஜன்னல்ல இருந்து பார்த்துட்டுதான் இருந்தேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா இறங்கின?"

"பொய்யே சொல்லாத பொம்பளை எனக்காக ஊர் முன்னால பொய் சொல்லிட்டா. அதுக்கப்புறமும் கரையில நின்னா நான் மனுஷனா?"

மிரேயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஈரச்சட்டையோடு அவனைக் கட்டிக்கொண்டாள். "ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்யா."

"தாராளமா கேளு. செஞ்சோ காதுல மட்டும் விழாம கேளு. தன் உப்புதான் என்னை ரட்சிச்சுதுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிவான்" என்றவன், மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போனான்.