யூனியன்வில்லில் நிற்கும் கார்

திங்கட்கிழமை காலை அன்ட்ரூ எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்திலிருந்து ஆள் வரப்போகிறது என்று சொன்னான்.

எங்கள் இன்சூரன்ஸ் கொம்பனி வேலையில்லாதவர்கள் கூடிய இந்த ரெக்ஸ்டேலுக்கு வந்ததே வரிச்சலுகைக்காகத்தான். இங்கே கந்தோர் போடுங்கள், இந்தப் பகுதியில் குடியிருப்பவர்களை வேலைக்கு எடுங்கள், ஆளுக்கு இவ்வளவு என்று வரியில் கழிக்கிறோம் என்று மாகாண அரசு கூப்பிட்டது. இவர்கள் வந்தார்கள். ரெக்ஸ்டேல்காரி என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இல்லாவிட்டால் என்னுடைய ஆங்கிலத்துக்கு யார் கதிரை தருவான்? என் புருஷன் கஸ்பர் வெயர்ஹவுசில் விழுந்து முதுகை முறித்த நாளிலிருந்து வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவருடைய மருந்துகூட என் வேலையோடு வரும் பெனிபிற்றில்தான் வருகிறது.

"சிம்பிள் திங், அன்ரி," என்றான் அன்ட்ரூ. இங்கே பிறந்த பிள்ளை, தாய் தகப்பன் எங்கள் ஊர்ப்பக்கம், இளவாலை. எனக்கு மனேஜர் என்றாலும் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவான். "நீங்கள் ரெக்ஸ்டேல்ல இருக்கிறீங்களோ எண்டு செக் பண்ணுவினம். பைல்ல இருக்கிற எல்லா அட்ரசும் ஒண்டா இருக்கோணும். தற்ஸ் ஓல்."

எல்லா அட்ரசும்.

பதினொரு வருடமாக ரெக்ஸ்டேலில் ஒரே அப்பார்ட்மென்ரில்தான் இருக்கிறேன். என் கார் மட்டும் தாளில் வசதியானவர்கள் இருக்கும் யூனியன்வில்லில் நிற்கிறது, என் தம்பி கிளிபோட்டின் வீட்டில். ரெக்ஸ்டேல் முகவரி என்றால் கார் இன்சூரன்ஸ் கட்டணம் எகிறும். யூனியன்வில் என்றால் பாதி. "என்ர அட்ரசைக் குடு அக்கா, ஆர் வந்து பாக்கப்போறான்?" என்று அவன் சொன்னான். மண்டையில் ஒன்றும் இல்லாத நானும் கொடுத்தேன். அதையும் வேறு எங்கேயாவது கொடுத்தேனா? ஊழியருக்குக் கழிவு தருகிறார்கள் என்று எங்கள் கொம்பனியிலேயே கொடுத்தேன். பார்க்கிங் பாசுக்காக அந்த இன்சூரன்ஸ் தாளில் ஒரு கொப்பி அடித்து என் பைலில் செருகியவளும் நானேதான்.

இதில் கேவலம் என்னவென்றால், என் வேலையே கடிதம் அடிப்பது. பொய் முகவரி கொடுத்தவர்களுக்கு 'உங்கள் பொலிசி ரத்து' என்று கிழமைக்கு ஐந்தாறு கடிதமாவது என் கையால் போகிறது.

வீட்டுக்குப் போய்க் கஸ்பரிடம் சொன்னேன்.

"உதுக்குப் போய் ஏனப்பா நடுங்குறாய்? ஆயிரம் பேற்ற பைல் கிடக்கும். உன்ரயத்தான் தேடிப் பிடிக்கப்போறானோ?" என்றார்.

"உங்களுக்கென்ன, கட்டில்ல கிடந்து கதைக்கலாம். நாளைக்கு வேலை போனா உந்த மருந்துப் போத்திலை ஆர் நிரப்புறது?"

சொன்ன பிறகுதான் மனம் சுட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் இருந்து எங்கள் கொம்பனியின் கார் இன்சூரன்ஸ் பகுதிக்குக் கோல் பண்ணினேன். முகவரியை மாற்ற வேண்டும் என்றேன். எப்போது வீடு மாறினீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டது. உண்மையைச் சொன்னால் மூன்று வருடப் பொய்யும் வெளியே வரும். "போன கிழமை," என்றேன். மாதக் காசு இரண்டு மடங்காகியது. போகட்டும், புதிய தாளையும் பைலில் பழையதன் மேல் செருகினேன், எல்லா முகவரியும் ஒன்றாகிவிட்டது. அன்று பின்னேரம் சந்தியில் கோப்பி வாங்கி, பல நாளைக்குப் பிறகு ருசித்துக் குடித்தேன்.

என்னைப்போல ஒரு விசரி உலகத்தில் இருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். மெல்லிய குரல், மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் அன்ட்ரூ. நான் போகும்போதே காரின் தாள் மேசையில் விரித்துக் கிடந்தது. பழையதும் கிடந்தது, புதியதும் கிடந்தது.

"நீங்கள் போன கிழமைதான் ரெக்ஸ்டேலுக்கு வந்திருக்கிறீர்கள்," என்றாள் ஆங்கிலத்தில். "அதற்கு முன் யூனியன்வில். நாங்கள் வருவதாக அறிவித்த மறுநாள் முகவரியை மாற்றியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மூன்று வருடமாக உங்கள் பெயரில் கொம்பனி எடுத்த சலுகை பொய்யா?"

மாதாவே, பயத்தில் செய்த ஒரேயொரு திருத்தம் என்னையே காட்டிக் கொடுக்கிறதே என்று நினைத்தேன்.

"அன்ரி, பதினொரு வருஷம் இஞ்சதானே இருக்கிறீங்கள்? சொல்லுங்கோ," என்றான் அன்ட்ரூ. அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. என் ஒரு பெயர் பொய்யானால் அறுபது பேரின் பைலையும் கிளறுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

பயந்தவள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு திரிவாள். என் பைக்குள் பதினொரு வருட வாடகை ஒப்பந்தம் இருந்தது, கரண்ட் பில் இருந்தது, மகள் ஜெசிகாவின் பள்ளிக்கூடக் கடிதங்கள் இருந்தன. அவற்றை எடுத்து வைத்தால் நான் ரெக்ஸ்டேல்காரி, கொம்பனி தப்பும். அதே தாள்தான் காருக்கு நான் மூன்று வருடம் பொய் சொன்னதற்கும் சாட்சி. என் கொம்பனிக்கு, என் மனேஜருக்கு முன்னால். எடுக்காவிட்டால் கொம்பனியை ஏமாற்றி வேலைக்கு வந்தவள் என்று இன்றைக்கே அனுப்புவார்கள்.

எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஜெசிகாவின் கடிதம் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அந்தப் பெண்ணே குனிந்து எடுத்துத் தந்தாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டாள்.

"காரின் விஷயம் எங்களுடையது அல்ல," என்றாள். "நன்றி." தன் கொம்பியூட்டரை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அன்ட்ரூ மூச்சை நீளமாக விட்டான். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கள் பிள்ளை, இளவாலைப் பிள்ளை, கண்டும் காணாமல் விடுவான் என்று நினைத்தேன். நானும் எழும்பி என் தாள்களை அடுக்கினேன்.

அவன் வாடகை ஒப்பந்தத்தின் மேல் கையை வைத்தான். காரின் பழைய தாளை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ, மிசிஸ் கஸ்பர்."