வேண்டாம் என்று ஒரு தடவை

கால்பந்து வீரர்கள் சங்கத்துக்கும் கிளப்புக்கும் நடந்த சண்டை சனிக்கிழமை முடிந்தது. வீரர்கள் ஜெயித்தார்கள். ஷவரில் வெந்நீர், வெளியூர் போனால் ஆளுக்கொரு கட்டில், காலை நீட்டி உட்காரும்படி ஒரு பஸ். ஆட்டம் ஆடாமல் மைதானத்தின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாங்கியது. வாங்கிக் கொடுத்தவர் சங்கத் தலைவர்.

அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. சண்டை நடந்தபோது அவரைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத பையன்கள், இப்போது ஒரு தலையாட்டலோடு அவரைத் தாண்டிப் போனார்கள். முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட மனிதர், சங்கம்தான் பிழைப்பு. திங்கட்கிழமை தலைவர் தேர்தல். அதில் மறுபடி வராவிட்டால் மாமனாரின் மெத்தைக் கடைதான். மாமனார் மாப்பிள்ளையின் தோள் அளவுக்குக் கடைச் சட்டை தைத்து வைத்துவிட்டதாகவும் தகவல்.

"கேட்டாங்கன்னா உடனே சரின்னு சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி.

"உடனே சரின்னா சரக்கு மலிஞ்சு போச்சுன்னு அர்த்தம். முதல்ல வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவை யோசிக்கணும். மூணாவது தடவை, போனாப் போகுது உங்களுக்காகன்னு ஒத்துக்கணும்."

"எங்கப்பா கடைக்கு நீங்க ரொம்பப் பொருத்தமான ஆள்தாங்க."

தேர்தல், வீரர்கள் உடை மாற்றும் அறையில். கொக்கிகளில் ஈரச் சட்டைகள் தொங்கின. காலுறை வாடை தனியாக ஓர் உறுப்பினர் போலக் கலந்துகொண்டது. கோல்கீப்பர் எழுந்தார். "இந்த வருஷமும் அண்ணனே இருக்கட்டும்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைவர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வேண்டாம்பா. உடம்பு முடியல. வேற யாரையாவது பாருங்க."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பையன்களுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவரே தலைவர்தான். எதிராளி வேண்டாம் என்றால் கெஞ்சாதே. முகத்தைச் செங்கல் மாதிரி வைத்துக்கொள். 'அப்படியா, உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷூ கயிற்றைப் பார். சண்டை முழுக்கக் காலையும் மாலையும் இதே பயிற்சி. பந்தாட்டத்தைவிட இதில்தான் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

"அப்படியாண்ணே," என்றார் கோல்கீப்பர். "உங்க இஷ்டம்."

அறை மொத்தமும் குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்தது.

தலைவருக்கு ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம் மெத்தைக் கடைச் சட்டை கண்ணில் ஆடியது. அடுத்த படி, எழுந்து போவது. கடைத்தெருவில் வளர்ந்த எவனுக்கும் தெரியும்: கூப்பிட்டால் காதில் விழும் தூரத்துக்குள் நடக்க வேண்டும். அவரும் தொப்பியை பெஞ்சிலேயே மறந்தவர் போல விட்டுவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு நடைக்கு வந்து நின்றார்.

உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. "தொப்பிய விட்டுட்டுப் போறாரு பாரு. திரும்பி வருவாரு. ஒருத்தரும் கூப்பிடாதீங்கடா."

தலைவர் இருமிப் பார்த்தார். உள்ளேயிருந்து பதிலுக்கு யாரோ இருமினார்கள்.

அந்த நேரம் பார்த்து கிளப் மேனேஜர் வந்தார். சண்டை முழுக்கத் தலைவரிடம் வசவு வாங்கியவர்.

"பிளம்பர் வந்து நிக்கறாரு. வெந்நீர்க் குழாய் எந்தச் சுவத்துல வரணும்னு சங்கத் தலைவர் காட்டணுமாம். நீங்கதானே ஒப்பந்தத்துல எழுத வெச்சீங்க. வாங்க."

"இப்ப தலைவர்னு யாரும் இல்ல. பேச்சுவார்த்தை நடக்குது."

"யாரோட?"

"எங்க பசங்களோட."

மேனேஜரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள். "நான் வேணா நடுவுல பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, தலைவரின் நிபந்தனையைக் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அண்ணன் இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்கறாரு," என்றார்.

"ஒரு தடவை கேக்கறோம். அதுவும் உக்காந்துக்கிட்டே," என்றார் கோல்கீப்பர். "இடைவேளையில அவரு முழங்கால் கதை சொல்லக் கூடாது. அதையும் சேத்துச் சொல்லுங்க."

நடைக்குச் செய்தி வந்தது. "கதையச் சுருக்கிக்கறேன்," என்றார் தலைவர். "நிறுத்த முடியாது. அது என் முழங்கால்."

மேனேஜர் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி போனார். பிளம்பர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கடைசியில், எந்தத் தரகனும் களைத்துப்போனால் செய்வதை மேனேஜரும் செய்தார்: சரிபாதியாக வெட்டினார். திங்கள், செவ்வாய், புதன் அண்ணன் தலைவர். வியாழன், வெள்ளி, சனி கோல்கீப்பர். ஞாயிறு ஆட்டம், அன்றைக்கு நடுவர் சொல்வதைக் கேட்டால் போதும். சங்கத்துச் சம்பளமும் அதே கணக்கில் பாதி.

இரண்டு தரப்பும் தங்களுக்கு நஷ்டம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கை குலுக்கின. தலைவர் பிளம்பரை எழுப்பிச் சுவரைக் காட்டினார். காட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் மீதிப் பாதி வாரம் அவருக்கு உறைத்தது.

வியாழக்கிழமை காலை கடைச் சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. மாமனார் பெரிய இரட்டை மெத்தையைக் காட்டி, மாடிக்கு ஏற்றச் சொன்னார். மூன்றாவது படியில் மெத்தை வளைந்து தலைவரை விழுங்கியது.

"மாமா, இத ரெண்டு பேர் தூக்கணும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க காலத்துல ஒத்தையாத்தான் தூக்கினோம்."

"இத நான் சும்மா விடமாட்டேன். வேலை செய்யறவனுக்கு ஒரு நியாயம் வேணும்."

"பேசலாமே. உங்க தலைவர வரச் சொல்லுங்க."

"நான்தான் தலைவர்."

மாமனார் சுவர்க் காலண்டரை நிதானமாகப் பார்த்தார். "இன்னிக்கு வியாழக்கிழமை மாப்பிள்ளை."

மெத்தை இன்னொரு படி ஏறியது.

"சரி, திங்கக்கிழமை வந்து பேசறேன்."

"திங்கக்கிழமை நீங்க இங்க வேலையில இல்லையே," என்றார் மாமனார். "சுவரோரமாப் போங்க, திருப்பத்துல இடிக்கும்."