இரண்டு இடத்தில் இருந்த ஆபரேட்டர்

நட்சத்திரக் கூடத்தின் ஆபரேட்டர் பதினோரு வருஷம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை, ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள். ஒன்று, கூடத்தின் பின்பக்கம் கறுப்புத் துணி மறைத்த கன்ட்ரோல் அறை. இன்னொன்று, நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி, மூன்றாவது மாடியில் அப்பாவின் கட்டிலோரம். சம்பளம் ஒன்றுதான். அலுப்பு மட்டும் இரண்டு.

கூடம் முன்பு குளிர்பதனக் கிடங்காக இருந்தது. ஒரு கலைஞர் அதை வாங்கி, சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் கறுப்படித்து, பதினாறு புரொஜெக்டரும் நாற்பது ஸ்பீக்கரும் மாட்டினார். மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி வைத்தார். அது ராத்திரி முழுக்க ஒரே நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிடித்து வைக்கும். பகலில் யந்திரம் அதைத் துளித்துளியாக அவிழ்த்துவிடும். ஒவ்வொரு துளியும் ஆளுயர அலமாரி ஒன்றுக்குள் இருந்த இரண்டு கீறல்களைத் தாண்டி வரும். அது விழும் இடத்தைப் பொறுத்து கூடத்தில் ஒரு நிறம் விரியும், ஒரு நாதம் எழும். ஜனங்கள் மெத்தையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். பலர் குறட்டை விட்டார்கள். திறப்பதற்கு முந்தின நாள் கலைஞர் ஊழியர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: யாரும் பார்க்காவிட்டால் ஒரு துளி இரண்டு கீறல் வழியாகவும் போகும், பார்த்துவிட்டால் ஏதாவது ஒன்றில்தான். அதனால் அலமாரிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே போய்த் தூங்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

ஆபரேட்டர் தூங்கினாள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு படுக்கையாகி நாலு மாசம் ஆகியிருந்தது. இரண்டு கண்ணையும் புரை வேறு மூடியிருந்தது. ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து, விடிகாலையில் அவரைத் துடைத்து உடைமாற்றி, ஓடிவந்து பஸ் பிடிப்பவளுக்கு அந்த அலமாரி இருட்டாகவும் சில்லென்றும் இருந்தது. கீறல்களுக்கு நடுவே முதுகைச் சாய்த்து, மத்தியானக் காட்சி முழுவதும் தூங்கினாள். விழித்து அடுத்த காட்சிக்குப் பொத்தானை அழுத்தின அதே விநாடி, வீட்டில் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டும் இருந்தாள்.

"என்னம்மா இந்நேரத்துல? லீவா?"

"இல்லப்பா. வேலையிலதான் இருக்கேன்."

"அதானே பாத்தேன்," என்று அப்பா மாத்திரையை விழுங்கினார்.

சட்டதிட்டங்கள் ஒரு வாரத்தில் பிடிபட்டன. அதன்பின் அலமாரியில் தூங்கக்கூட வேண்டியதில்லை, ஒன்பதுக்குக் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்தால் ஆறுவரை இரண்டு பேர். அடுத்தவர் கண் படாதவரை இரண்டு இடத்திலும் இருக்கலாம். யாராவது பார்த்துவிட்டால், பார்த்த இடத்தில் மட்டும் மிஞ்சுவாள். மற்ற இடம் காலி. கூடம் கும்மிருட்டு. அப்பாவுக்கோ பார்வை இல்லை. தோதாக அமைந்துவிட்டது. மேனேஜருக்கு விஷயம் தெரியவந்தபோது, ஆள் இருந்தால் சரி என்றார். அதற்குப் பிறகு கன்ட்ரோல் அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டுதான் பேசினார். சம்பள உயர்வு கேட்டபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

வினை அக்கா ரூபத்தில் வந்தது. வேறு ஊரில் இருந்த அவள் வருஷத்துக்கு ஒரு முறை வந்து, இரண்டு நாள் தங்கி, குறை சொல்லிவிட்டுப் போவாள்.

"ஏண்டி, கண்புரை ஆபரேஷன் அரை மணி நேர வேலை. மூணு வருஷமா மனுஷன இருட்டுல போட்டு வெச்சிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

நன்றாக இல்லை. அதுதான் அவளுக்கும் தெரியுமே. அப்பாவுக்குப் பார்வை வந்தால் அவள் ஏதாவது ஓரிடத்தில்தான் இருக்க முடியும். கூடத்தில் இருந்தால் அப்பாவைப் பார்க்க ஆளில்லை. வீட்டில் இருந்தால் சோற்றுக்கு வழியில்லை. இதை அப்பாவிடம் அவள் சொல்லவே இல்லை. ஆபரேஷன் பேச்சு வரும்போதெல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே தள்ளியிருந்தாள். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரை கல் மாதிரி இறுகிவிட்டது, இன்னும் ஆறு மாசம் விட்டால் கை வைக்க முடியாது என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்து யோசித்து அவளுக்குத் தலை கனத்தது. கடைசியில் யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல், மறுவாரத்துக்கு நாள் குறித்தாள்.

இரண்டு கண்ணும் ஆயிற்று. லீவு முடிந்த முதல் நாள், ஒன்பது அடித்துப் பத்து நிமிஷத்தில் வீட்டில் அவள் மாத்திரையோடு வந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் அவள் இல்லாமல்போன அந்த விநாடியே நிறங்கள் அணைந்தன, நாதம் நின்றது, நாற்பது பேர் இருட்டில் கிடந்தார்கள். அவள் போன் அடித்தது.

"எங்கம்மா போயிட்ட? பாதிக் காட்சியில ஸீட்டு காலியா கெடக்கு! இன்னொரு தடவ இப்படி ஆச்சு, வேற ஆளப் பாத்துப்பேன்."

மேனேஜரின் குரல் கட்டில்வரை கேட்டது. மூடி மறைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா வெகுநேரம் அவளுடைய நரையையே பார்த்தார்.

"இதுக்காகவா மூணு வருஷம் தள்ளிப்போட்ட?"

அவள் கையிலிருந்த மாத்திரையை நீட்டினாள்.

"முன்னாடியே ஆபரேஷன் பண்ணிட்டு விஷயத்தச் சொல்லியிருந்தா, நானே வேற பக்கம் பாத்துட்டு இருந்திருப்பேனே, லூசு. கட்டில ஜன்னல் பக்கம் திருப்பு."

திருப்பினாள். அன்றிலிருந்து அப்பாவுக்கும் ஒன்பது முதல் ஆறுவரை டூட்டி. தெருவைப் பார்ப்பார். போகிற பஸ்ஸில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணுவார். கண்டக்டர் சரியில்லை என்று திட்டுவார். முதுகுக்குப் பின்னால் மகள் நடக்கிற சத்தம், பாத்திரம் கழுவுகிற சத்தம் எல்லாம் கேட்கும். திரும்ப மாட்டார். முதுகு துடைக்கிறபோதும் கண் ஜன்னலில்தான் இருக்கும்.

ஆனால் மனுஷன்தானே. பன்னிரண்டரை வாக்கில் ஒரு தடவை கழுத்து தானாகத் திரும்பிவிடும். கூடத்தில் சட்டென்று எல்லாம் நின்று, கறுப்பு மட்டும் இருக்கும். மேனேஜர் முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்தார். மூன்றாம் நாள், வந்தவர்கள் அந்த இருட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வெளியேறினார்கள். பத்திரிகையில் ஒருவர் அரைப் பக்கம் எழுதினார். மேனேஜர் போன் செய்வதை விட்டார். கலைஞர் வந்து யந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, பழுது இல்லை, இப்படியே இருக்கட்டும் என்றார். பன்னிரண்டு மணிக் காட்சிக்கு முன்பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

அந்த நேரம் வீட்டில் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவாள். டூட்டி நேரத்தில் அவள் ஒரே ஆளாக இருக்கிற நாலு நிமிஷம் அது.

"இளைச்சுட்ட," என்பார் அப்பா.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தைக்கு இன்னிக்கு இளைச்சுட்ட."

அவள் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள். நாற்பது பேர் இருட்டில் மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். "சரி சரி, வேலையப் பாரு," என்று அப்பா தெருப்பக்கம் திரும்பிக்கொள்வார். நட்சத்திரம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.