விடுபட்ட வரி

ஆவணக் காப்பகத்தில் பழைய கடிதங்களைப் பார்த்துப் படியெடுப்பது அவள் வேலை. கொஞ்ச நாளாக அவள் மேசையில் இருந்த கட்டு ஒரு நோயாளியுடையது. எப்போதோ ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட அக்கா ஒருத்தி தன் தங்கைக்கு எழுதியவை. எழுதியவை என்றால் தன் கையால் அல்ல. பேனா பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. அவள் சொல்லச் சொல்ல, பணிவிடைக்கு வந்த பெண் எழுதிக் கொடுத்தாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். நோய்தான் கடிதத்துக்குக் கடிதம் முற்றிக்கொண்டு போனது.

விலாவில் குத்துகிறது என்ற கடிதத்தைப் படியெடுத்த அன்று, வீட்டில் இவளுடைய சொந்தத் தங்கை விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் என்று எழுதினாள். தங்கைக்கு உடம்பு கொதித்தது. குரல் போய்விட்டது, இதையும் கிசுகிசுத்துத்தான் சொல்கிறேன் என்று எழுதினாள். அன்று மாலை தங்கை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டார், ஒன்றிலும் ஒன்றுமில்லை. காகிதத்துக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போடுகிறோமே, நமக்குத்தான் மறை கழன்றுவிட்டதா என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஜீவன்தான். பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

அடுத்த கடிதத்தை முடித்த அன்று வீட்டுக்குப் போகக் காலே வரவில்லை. போனால், தங்கை எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பசி உயிர் போகுது. சாப்பிட என்ன இருக்கு?" என்றாள். குரல் கணீரென்று இருந்தது.

மறுநாள் சரிபார்ப்பு. காப்பகத்தில் அதற்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். படியெடுத்தவர் தன் படியைப் பார்த்துச் சிவப்பு மையால் திருத்திக்கொள்ள வேண்டும். படிப்பவர் 'ரேடியோ' அண்ணன். குரலுக்காக வைத்த பெயர். இடி விழுந்தாலும் மூலத்திலிருந்து கண்ணை எடுக்காத மனுஷன். அவளுக்குக் காலையிலிருந்தே தொண்டை கரகரத்தது. காகிதத் தூசி என்று நினைத்தாள்.

"'நேற்று இரவு முழுவதும் தூக்கமில்லை'" என்று படித்தார். இருந்தது. "'நேற்று இரவு இருமியதில் ரத்தம் வந்தது. இனி நான் தேறமாட்டேன்.'"

அது அவள் படியில் இல்லை. படியெடுப்பவர்களுக்கு இது தீராத வியாதி. இரண்டு வரிகள் ஒரே மாதிரி தொடங்கினால், இதைத்தானே எழுதி முடித்தோம் என்று கண் இரண்டாவதைத் தாண்டிப் போய்விடும்.

"என்னம்மா, இருக்கா?"

"விட்டுட்டேண்ணே."

"நீயா? அதிசயந்தான். சரி, சேத்துடு."

பேனா தாளைத் தொடவில்லை. எந்த வரி விடுபட்டதால் தங்கைக்குப் பசி எடுத்தது என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, அடுத்த கடுதாசியையும் படிங்களேன்."

"அது நீ இன்னும் எழுதவே இல்லையேம்மா."

"பரவாயில்ல, கேக்கணும்."

கடிதங்களில் அதுதான் கடைசி. பிரித்ததும் ரேடியோ, "கையெழுத்து மாறியிருக்கே. கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார். பிறகு படித்தார். "'தங்கைக்கு, இது என் கையாலேயே எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. பசிக்கிறது. எனக்காக எழுதியவள் என் நோயை வாங்கிக்கொண்டாள். இப்போது என் கட்டிலில் அவள்தான் கிடக்கிறாள்.'"

அவள் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். சாக அவளுக்குத் துளியும் ஆசையில்லை. ஒரே ஒரு வரி, எழுதிவிட்டால் போதும், நோய் தங்கையிடமே திரும்பிவிடும்.

"அந்த வரியச் சேத்துட்டியாம்மா?" என்று கண்ணை எடுக்காமலே கேட்டார் ரேடியோ.

அவள் எதுவும் எழுதாமலே பேனாவை மூடினாள்.

"சேத்துட்டேண்ணே."

பிறகுதான் இருமல் வந்தது. கைக்குட்டையை விரித்துப் பார்க்காமல் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது தங்கைக்குச் சாப்பிட என்ன வாங்கலாம் என்று யோசித்தாள்.