ஆலமரத்துச் சாக்கு

எங்கூட்டுக்காரரு சென்னியப்பனுக்குத் தெரியாத வைத்தியம் மல்லசமுத்திரம் சுத்துவட்டாரத்துலயே கெடையாதுங்க. எம்பத்தி மூணாம் வருசம் எங்க எருமை மரவள்ளிக் கெழங்க முழுசா முழுங்கி, தொண்டையில சிக்கிக்கிச்சு. டாக்டரைக் கூப்புடலாமுன்னேன். "உனக்கென்ன தெரியும்?"னுட்டு மம்பட்டிக் காம்பை உட்டுக் குத்துனாரு. கெழங்கு எறங்கல. வாயில ரத்தந்தான் வந்துச்சு.

நான் ஆளனுப்பி, நாமக்கல்லுல இருந்து மாட்டு டாக்டர் அருணகிரி வாரதுக்குள்ள மகாராசரு கெளம்பிட்டாரு. எங்கீங்கறீங்க? பக்கத்தூட்டு சௌந்திரக்கா மாடு கன்னு போட்டிருந்துச்சு. உழுந்த நஞ்சுக்கொடிய வைக்கோலோட சாக்குல சுத்தி ஆலமரத்துல கட்டுனா பால் பெருகுமாம். அதைக் கட்ட இவரு கைதான் ராசியாம். சொந்த எருமை உசுருக்குத் தவிக்குது, ஐயா ஊரான் மாட்டுக்குப் பால் பெருக்கப் போறாரு!

டாக்டர் கழுத்தைக் கீறிக் கெழங்க எடுத்துட்டாரு. "உணவுக்குழாய் பெருசாக் கிழிஞ்சிருக்கும்மா. வெறும் தையல் தாங்காது, மேல ஒட்டு வைக்கணும். நஞ்சுக்கொடியோட வருமே, கன்னு இருந்த பனிக்குடத்துச் சவ்வு, அது புதுசாக் கெடைச்சா கழுவி வெச்சுத் தைப்பேன்"னாரு. எங்கம்மா ஊட்டுல இருந்து கன்னா ஓட்டியாந்த எருமைங்க அது. என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

ஆலமரத்துக்கு ஓடுனேன். அவரு மரத்து மேல, சாக்கோட.

"ஏனுங்க, எறங்குங்க! அந்தச் சவ்வு நம்ம எருமைக்கு வேணும்!"

"அதைப் பிரிச்சா பால் வத்திரும் புள்ள. சௌந்திரக்கா என்னைத் தொலைச்சுப்புடும்."

"எருமைக்கு ஏதாச்சும் ஆச்சு, அந்த மம்பட்டிக் காம்பு உங்க தொண்டைக்குத்தான்!"

எறங்கிட்டாரு. நஞ்சுக்கொடிய எங்கிட்டக் குடுத்துட்டு, வெறும் வைக்கோலச் சாக்குல திணிச்சு, சாமி கும்புட்டு, திரும்ப மேல ஏறிக் கட்டுனாரு. பயபக்திக்கு மட்டும் ஒரு கொறையும் இல்லீங்க.

மூணாம் நாள் எருமைக்குக் கஞ்சித்தண்ணி வெச்சேன். குடிச்சுது. கழுத்துத் தையல்ல ஒரு சொட்டு கசியல. கட்டுத்தரையிலயே ஒக்காந்து அழுதுட்டேன்.

அந்நேரம் பாத்து சௌந்திரக்கா ஒரு சொம்பு சீம்பாலோட வந்துச்சு. "சென்னியப்பா, உன் கைராசியே ராசி சாமி! போன ஈத்துல இப்புடி மடி கட்டவே இல்ல. மொதல்ல நீ குடி."

அவரு என்னைப் பாத்தாரு. நான் எருமையப் பாத்தேன். அது மடக்கு மடக்குன்னு முழுங்கிக்கிட்டிருந்துச்சு.

ஒரு வாய் வெச்சாருங்க. அவருக்கு எறங்கல.