தலைப்பில் இடமில்லை

மறுநாள் நாளிதழின் முதல் பக்க மெய்ப்பு மேசைக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. பிழை திருத்துபவர் வழக்கம்போலத் தலைப்பிலிருந்து ஆரம்பித்தார். ‘மூன்று தீவரவாதிகள் கைது.’ ‘வி’யில் கொக்கி விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவால் சரிசெய்துவிட்டுப் படத்துக்கு வந்தார். இடது ஓரத்தில், சட்டைப் பொத்தான்கள் அறுந்து நின்றவன் அவருடைய மருமகன்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். ஆற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதித்து, ஆலைக்கழிவு கலக்கிறது என்று ஊரைக் கூட்டி ஆலை வாசலில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. படத்துக்குக் கீழே ‘ரசாயனப் பொருள்கள் பறிமுதல்’ என்று இருந்தது.

மெய்ப்பை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியர் அறைக்கு ஓடினார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட மனுஷன் அவர்.

“இது யாருன்னு தெரியுதா?”

செய்தி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “காலையிலேயே தெரியும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“போராட்டக்காரர்னு போடு. வேற ஒண்ணும் கேக்கல.”

“போலீஸ் அறிக்கையில தீவிரவாதின்னுதான் இருக்குப்பா.”

“போன வாரம் கடைத்தெருவையே கொளுத்தினாங்களே, அவங்களையும்தான் போலீஸ் அப்படிச் சொல்லுச்சு. நாம ‘ஆவேச இளைஞர்கள்’னு போட்டோம்.”

“அவங்க யாரோட ஆளுங்கன்னு உனக்குத் தெரியாதா? மேலேருந்து சொல்லியாச்சு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இருபத்திரண்டு வருஷமா இந்த வார்த்தையத் திருத்திக் குடுத்திருக்க. ஒரு நாளாவது யாரு என்னன்னு கேட்டியா?”

கேட்டதில்லை. எழுத்தைப் பார்த்தாரே தவிர ஆளைப் பார்த்ததில்லை. எத்தனை முகங்கள் தன் மேசை வழியாகப் போயிருக்கும் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்.

“‘என்று கூறப்படுவோர்’னாவது சேத்துக்கோ. உன் காலைப் பிடிக்கிறேன்.” சொன்னதோடு நிற்காமல் குனிந்தே விட்டார். செய்தி ஆசிரியர் பதறி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“தலைப்புல இடமில்லப்பா” என்றார், சுவரைப் பார்த்து.

பிழை திருத்துபவர் மெய்ப்பில் கையெழுத்துப் போடாமல் படியிறங்கினார். கையெழுத்து இல்லாவிட்டாலும் பக்கம் அச்சுக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மகள் வீட்டுத் தெருவில் திறந்திருந்த ஜன்னல்கள் அவரைக் கண்டதும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தொலைக்காட்சி மூன்று மணியிலிருந்தே அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்ததாம். ஏழு மாத வயிற்றோடு மகள் வாசலில் முக்காலி மேல் ஏறி நின்று, கணவன் பெயரும் படிப்பும் எழுதிய பலகையைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“எறங்கும்மா. நான் பாத்துக்கறேன்.”

“கல்லெறியறதுக்கு முன்னாடி நானே எடுத்துடறேன்ப்பா. நாளைக்குப் பேப்பர்ல என்னன்னு வருது?”

அவர் முக்காலியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மேலே இருந்த திருகாணி கழன்று விழுந்தது. கீழே இருந்தது துருப்பிடித்து அசைய மறுத்தது. பலகை அதில் தொங்கியபடி, பெயர் தலைகீழாக, காற்றில் சுவரை உரசிக்கொண்டிருந்தது.